நீதிமன்றச் சொற்கள் வந்த வழி

1066ஆம் ஆண்டிலே நோர்மண்டிக் கோமகன் வில்லியம் இங்கிலாந்தை வென்றான். முடி மாறியபின், காலப்போக்கில் மன்றத்தின் மொழியும் மாறிற்று. குடிமக்கள் பேசியது ஆங்கிலம். வழக்கறிஞர் வாதாடியது பிரெஞ்சு. ஏட்டில் எழுதப்பட்டது இலத்தீன். இன்று ஆங்கிலச் சட்டச் சொற்கள் என வழங்குவனவற்றுட் பல அவ்விரு மொழிகளின் எச்சங்களே.

'ஜூரி' என்பது சத்தியஞ் செய்தோர் குழு எனப் பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்தது. அக்குழுவினர் கூறும் 'வெர்டிக்ட்' என்பதற்கு உண்மையுரை என்பதே பொருள். சத்தியக் கடதாசியைக் குறிக்கும் 'அஃபிடவிட்' என்பது, 'அவன் சத்தியஞ் செய்துள்ளான்' என்னும் இலத்தீன் வினைமுற்று. காணி ஈட்டைக் குறிக்கும் 'மோர்ட்கேஜ்' என்னுஞ் சொல்லின் நேர்ப்பொருள் 'செத்த ஈடு' என்பதாம். கடனாளி தவணையிற் பணங் கொடாவிடின் காணி அவனுக்குச் செத்தது. கொடுத்துவிடின் ஈடு செத்தது. 15ஆம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் லிட்டில்டன் தந்த விளக்கம் இது.

இவற்றினும் விந்தையானது, குற்றவாளி என்னும் பொருளில் இன்று வழங்கும் 'கல்ப்ரிட்' என்னுஞ் சொல். பண்டு, எதிரி தான் குற்றவாளியல்லன் என்று கூறியதும், 'குற்றவாளியே. நிரூபிக்க ஆயத்தம்' என அரசின் சார்பிற் பிரெஞ்சில் மறுமொழி கூறப்படும். அம்மறுமொழி 'கல்', 'பிரிட்' என்ற இரு சுருக்கங்களாக ஏட்டிற் பதியப்பட்டது. பிரெஞ்சை மறந்த பிற்காலத்தார் அவற்றை ஒன்றாகப் படித்து, எதிரியை விளிக்கும் சொல்லாக்கினர் என்பது அறிஞர் கருத்து. 1678ஆம் ஆண்டு பெம்புரோக் பிரபுவின் விசாரணையிலே இவ்விளி காணப்படுகின்றது. இவ்வாறு வழக்குத் தொடுத்தோரின் கூற்று, தீர்ப்புக்கு முன்னரே எதிரியின் பெயராயிற்று.

இத்தகைய மொழியால் மக்கள் அடைந்த இடரை ஆட்சியாளர் அறியாமலில்லை. பிரெஞ்சு நாட்டிற் பெரிதும் அறியப்படாமையால், வழக்காடுவோர் தமக்குச் சார்பாகவும் எதிராகவும் பேசப்படுவதை உணர்கின்றிலர் எனக் கூறி, வாதங்கள் ஆங்கிலத்தில் நிகழவேண்டுமென 1362இல் ஒரு சட்டம் விதித்தது. ஆயின் அச்சட்டமே பிரெஞ்சில்தான் எழுதப்பட்டது! ஏடுகளோ இலத்தீனிலேயே தொடர்ந்தன. மன்னராட்சி நீங்கியிருந்த காலத்தில், 1650இல், சட்ட நூல்களையும் ஏடுகளையும் ஆங்கிலமாக்க விதி பிறந்தது. 1660இல் முடியாட்சி மீண்டபோது அவ்விதி செல்லாதொழிந்தது. 1733ஆம் ஆண்டிலேதான் ஆங்கிலம் மன்றத்தின் வாயிலும் ஏட்டிலும் நிலைபெற்றது.

தன் உயிரையும் உடைமையையும் பறிக்கும் சொல் யாதென அறிவதற்கு, அந்நாட்டுக் குடிமகன் முதற் சட்டத்தின் பின்னரும் 371 ஆண்டுகள் காத்திருந்தான்.