ஹலபு நகரத்து அங்காடி

ஒரு சமுதாயம் எவ்வாறு வாழ்ந்தது என்பதற்கு அரண்மனைகளைவிடக் கடைவீதிகளே நல்ல சாட்சி என்பது நமது கருத்து. சிரியாவின் ஹலபு (அலெப்போ) நகரத்தை இங்கு எடுத்துக்கொள்வோம்.

அந்தாக்கியா வாயிலிலிருந்து கோட்டையை நோக்கிச் செல்லும் கூரையிட்ட அங்காடி அது. கிளைச்சந்துகளையும் சேர்த்தால் ஏறத்தாழ 13 கிலோமீட்டர் வரும் என்பர். அரபு கற்பிக்கும் நமக்கு அதன் வீதிப்பெயர்களே ஒரு பாடநூல். அத்தாரீன் வீதியில் நறுமணப் பொருள், ஹிபால் வீதியில் கயிறு, ஸாபூன் கானில் சவர்க்காரம். ‘ஸகத்’ என்றால் உதவாத பொருள் என்று அகராதி கூறும். ஸகத்தியா வீதியிலோ உணவுப் பண்டங்கள் விற்கப்பட்டன! அகராதியை மட்டும் நம்பும் மாணவர் அங்கே பசியோடுதான் திரும்புவார்.

பெரிய மஸ்ஜித் அங்காடியை ஒட்டியே நிற்கிறது. இந்த அண்மை தற்செயலன்று. கடைகளும் கான்களும் வக்ஃபு செய்யப்பட்டன. அவற்றின் வாடகையில் மஸ்ஜித்களும் மதரஸாக்களும் நடந்தன. வணிகம் நலிந்தால் ஓதுவோரின் உணவும் குறையும் என்பதால், அங்காடியின் நலனில் ஆலிம்களுக்கும் அக்கறை இருந்தது. 1574இல் எழுந்த கும்ருக் கானில் ஐரோப்பிய வணிகர் தங்கினர். 17ஆம் நூற்றாண்டில் ஈரானியப் பட்டைக் கொணர்ந்தவர்களுள் ஜுல்ஃபா ஆர்மீனியர் முதன்மையானோர். யூத வணிகரும் இவ்வூரில் வாழ்ந்தனர். வழிபாட்டில் வேறுபட்டோர் விலை பேசுவதற்கு ஒரே கூரையின்கீழ் கூடினர்.

1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் தொலைதூர வணிகம் வேறு வழி கண்டது. எனினும் அங்காடி ஓயவில்லை. ஊராரின் அன்றாடத் தேவைக்கு அது நிலைத்தது.

2012 செப்டம்பர் இறுதியில், உள்நாட்டுப் போரின் நடுவே, அங்காடியைத் தீ விழுங்கியது. 2013 ஏப்ரலில் மஸ்ஜிதின் 11ஆம் நூற்றாண்டு மினாராவும் சரிந்தது. ஸகத்தியா வீதி 2019இல் புதுப்பிக்கப்பட்டது. 2023 பிப்ரவரி நிலநடுக்கம் பழைய நகரத்தை மீண்டும் உலுக்கியது. வளைவுகளை எழுப்பிவிடலாம், ஆனால் வணிகரும் கைவினைஞரும் பலர் துருக்கியின் காசியாந்தெப் போன்ற ஊர்களுக்குப் பெயர்ந்துவிட்டனரே! ஒலிவ எண்ணெயும் ஃகார் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சும் ஹலபுச் சவர்க்காரக் கலையை 2024இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதற்குள், பெயர்ந்தோரின் பிள்ளைகள் துருக்கி மொழியில் பள்ளிப்பாடம் கற்று வளர்ந்திருந்தனர்.