கல்லூரி வீரனும் கால்களின் கூலியும்

மாங்குளத்திலிருந்து வெள்ளாங்குளம் நோக்கி மேற்கே செல்லும் வீதியில், மல்லாவியைக் கடந்தபின் வருவது துணுக்காய். வவுனிக்குளத்து நீரையும் மாரி மழையையும் நம்பி நெல் விளைவிக்கும் உழவர்களின் பூமி அது. பாடசாலைகளுக்கிடையே உதைபந்தாட்டப் போட்டி நடக்கும் நாட்களில், நமது பிற ஊர்களிற் போலவே அங்கும் ஒரு காட்சியைக் காணலாம். கோல்கள் அடித்து வெற்றி தேடித் தந்த பையனைத் தோழர்கள் தோளில் ஏற்றுகின்றனர். ஆசிரியர்களின் முகம் மலர்கிறது. வேலியோரம் நிற்கும் பெரியவர் ஒருவர், "இவன் எங்கையோ போகப் போறான்" என்று வாழ்த்துகிறார்.

எங்கே போகப் போகிறான்? வாழ்த்திய பெரியவரும் அறியார். தோளில் இருப்பவனும் அறியான். கல்லூரிக் காலத்தில் புகழ் பெற்ற ஆட்டக்காரன் பிற்காலத்தில் விளையாட்டையே தொழிலாகக் கொண்டு வெற்றி பெறுவானா என்ற கேள்வி உலகெங்கும் கேட்கப்படுவதுதான். அதற்கு விடை கூறுவோர் பெரும்பாலும் அவனுடைய காலின் வேகத்தையும் மனத்தின் உறுதியையுமே அளந்து பார்க்கின்றனர். வரலாறு வேறொன்றையும் அளக்கச் சொல்கிறது. அவன் செய்யப் போகும் தொழில் எத்தகையது? அதற்குக் கூலி உண்டா? அது எத்தனை ஆண்டு நீடிக்கும்? அதை அடைவதற்கு ஏணி ஒன்று இருக்கிறதா? இவற்றைக் கேளாமல் அவனுடைய திறமையை மாத்திரம் எடைபோடுவது, நிலத்தைப் பாராமல் விதையை மாத்திரம் பார்ப்பதற்கு ஒப்பாகும்.

உதைபந்தாட்டம் தொழிலாக மாறிய கதையே உழைப்பின் கதைதான். பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் பயின்ற பாடசாலைகளில் இவ்விளையாட்டு விதிகள் பெற்று வளர்ந்தது. அவர்கள் ஊதியமின்றி விளையாடினர். ஊதியம் அவர்களுக்குத் தேவைப்படவுமில்லை. லங்காஷயர் ஆலைத் தொழிலாளியோ ஆட்டத்திற்காக வேலையை விட்டு வந்தால் அந்நேரத்துக் கூலியை இழந்தான். இழந்த கூலியை யார் தருவது என்ற வாக்குவாதத்தின் முடிவாக, 1885 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் உதைபந்தாட்டச் சங்கம் ஊதியம் பெறும் ஆட்டக்காரரை அங்கீகரித்தது. அதன் பின்னரும் 'பணத்துக்காக ஆடுவது இழிவு' என்ற கனவான்களின் அறம் மறைந்துவிடவில்லை. ஆட்சியோடும் பாதிரிமார் நிறுவிய கல்லூரிகளோடும் அது குடியேற்ற நாடுகளுக்குக் கப்பலேறி வந்தது. விளையாட்டு ஒழுக்கத்தை வளர்க்கும் என்று நமக்குப் போதிக்கப்பட்டது; அது ஒருவனுக்குச் சோறு போடலாம் என்பது போதிக்கப்படவில்லை.

இனி, கல்லூரிப் புகழின் உச்சியில் நின்ற இருவரின் வரலாற்றைப் பார்ப்போம். ஒருவர் அமெரிக்கர், மற்றவர் நமது அயல்நாடாகிய இந்தியாவைச் சேர்ந்தவர்.

ஐக்கிய அமெரிக்காவில் 'புட்போல்' எனப்படுவது நாம் ஆடும் உதைபந்தாட்டமன்று. பந்தைக் கையிலேந்தி ஓடும் வேறோர் ஆட்டம். அங்கே தொழில்முறை அணிகளுக்கு ஆட்களை வளர்த்துக் கொடுப்பவை பல்கலைக்கழகங்களே. ஜே பேர்வாங்கர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் வீரர். நாட்டின் தலைசிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கென ஏற்படுத்தப்பட்டு, பின்னர் ஹைஸ்மன் பரிசு எனப் பெயர்பெற்ற விருது முதன்முதலாக 1935 இல் அவருக்கே கிடைத்தது. அடுத்த ஆண்டு, தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களை வரிசைப்படி தெரிவுசெய்யும் முறை தொடங்கியபோது, முதலாவதாக அழைக்கப்பட்ட பெயரும் அவருடையதே. ஆயினும் அவர் ஒரு நாளேனும் தொழில்முறை ஆட்டம் ஆடவில்லை. அவர் கேட்ட ஊதியத்தைத் தர உரிமையாளர்கள் உடன்படவில்லை. நுரை இறப்பர் விற்கும் தொழிலை அவர் மேற்கொண்டார். அவர் மாத்திரமல்லர், அவ்வாண்டு தெரிவுசெய்யப்பட்ட 81 பேரில் 24 பேரே அந்தப் பருவத்தில் தொழில்முறைக் களத்தில் இறங்கினர். ஏனையோருக்குத் திறமை இல்லாமற் போய்விட்டதா? உலகப் பொருளாதார மந்தத்தின் அக்காலத்தில் நிலையான உத்தியோகமே அறிவுள்ள தெரிவாக இருந்தது.

மற்றவர் தாலிமேரன் ஆவோ. நாகா மலைப் பகுதியின் சாங்கி என்னும் ஊரில் 1918 இல் பிறந்தவர். ஒரு பாதிரியாரின் மகன். மகன் வைத்தியனாகித் தம் மக்களுக்குப் பணிபுரிய வேண்டும் என்ற ஆசையை விட்டுத் தந்தை இளமையிலேயே மறைந்தார். கல்கத்தாவின் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் பயின்றுகொண்டே மோகன் பகான் கழகத்திற்காக ஆடிய அவர், 1948 இல் இலண்டன் ஒலிம்பிக்கில் சுதந்திர இந்தியாவின் அணிக்குத் தலைமை தாங்கினார். தொடக்க அணிவகுப்பில் நாட்டின் கொடியை ஏந்திச் சென்றவரும் அவரே. வீரர்கள் பலர் வெறுங்காலோடு ஆடிய அவ்வணி, பிரான்சிடம் ஒன்றுக்கு இரண்டு என்ற கோல் கணக்கில் தோற்றது. இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். அந்தத் தோல்வியிலும் இலண்டன் மக்கள் அவ்வணியைப் பாராட்டினர். அவ்வாண்டு இங்கிலாந்தின் முதற்பிரிவு வெற்றிக் கழகமாகிய ஆர்சனல் தாலிமேரனைத் தன்னிடம் வருமாறு அழைத்தது என்பது அவர் வரலாற்றை எழுதுவோர் யாவரும் குறிப்பிடும் செய்தி. அவர் போகவில்லை. கல்கத்தா திரும்பி மருத்துவப் படிப்பை முடித்தார்; பின்னர் நாகாலாந்தின் சுகாதார சேவைகள் பணிப்பாளராக உயர்ந்து, 1978 இல் ஓய்வு பெற்றார்.

இக்கதையைச் சொல்வோர் சிலர், 'எவ்வளவு பெரிய வாய்ப்பை இழந்துவிட்டார்!' என்று இரங்குகின்றனர். இரங்குவதற்கு முன்னர், அவர் சென்றிருந்தால் பெற்றிருக்கக்கூடியது யாது என்று கணக்கிட்டுப் பார்ப்பது நன்று.

அப்பொழுது இங்கிலாந்தில் ஆட்டக்காரர் எவருக்கும் ஓர் உச்ச ஊதிய வரம்பு விதிக்கப்பட்டிருந்தது. 1947 முதல் அது ஆட்டப் பருவத்தில் கிழமைக்கு 12 பவுண், கோடை விடுமுறையில் 10 பவுண். ஆனால் 1948-49 பருவத்தில் லீக் ஆட்டங்களுக்கு வந்த பார்வையாளர் வரவு நான்கு கோடியைத் தாண்டியது. வாயிலிற் குவிந்த பணம் ஆட்டக்காரனின் சட்டைப்பைக்கு வரவில்லை. மேலும், ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னரும் கழகம் விரும்பினால் அவனை விடாமல் வைத்திருக்கலாம். வேறிடம் போக அனுமதி மறுக்கலாம். கால்கள் அவனுடையவை, அவற்றின் மீதான உரிமை கழகத்தினுடையது. தாலிமேரனுக்கோ அப்போது வயது முப்பது. ஓடும் கால்களுக்கு இன்னும் எத்தனை பருவங்கள் எஞ்சியிருந்திருக்கும்? நாற்பது வயதில் அவர் கையில் என்ன இருந்திருக்கும்? தாம் பிறந்த மலைகளின் மக்களுக்கு ஆயுட்காலமெல்லாம் பயன்படும் கல்வியை, சில ஆண்டுக் கைதட்டலுக்கு மாற்ற அவர் மறுத்தார். அதனைத் தோல்வி என்று எந்த நியாயத்தால் கூறுவது?

அந்த நிலைமை தானாக மாறிவிடவில்லை. இங்கிலாந்தின் ஆட்டக்காரர் தொழிற்சங்கம், ஜிம்மி ஹில்லின் தலைமையில், வேலைநிறுத்தம் செய்வோம் என்று எச்சரித்த பின்னரே 1961 ஜனவரியில் உச்ச ஊதிய வரம்பு ஒழிந்தது. அதற்குள் வரம்பு 20 பவுணுக்கு மாத்திரமே ஏறியிருந்தது. அவ்வாண்டே ஜோனி ஹெயின்ஸ் கிழமைக்கு 100 பவுண் பெற்றார். ஜோர்ஜ் ஈஸ்த்தம் என்னும் ஆட்டக்காரர் நியூகாசில் கழகத்தை விட்டு விலக விரும்பியபோது கழகம் மறுத்தது. அவர் பந்தைத் தொடாமல், மாதக்கணக்கில் தக்கை விற்றுப் பிழைத்தார். அவர் தொடுத்த வழக்கில், ஒப்பந்தம் முடிந்தவனைத் தடுத்து வைக்கும் முறை நியாயமற்றது என்று 1963 இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்று கோடிக்கணக்கில் ஊதியம் பெறும் வீரர்களை வியந்து பேசும் மாணவர்கள், அந்த ஊதியத்தின் அடியில் ஒரு தொழிற்சங்கத்தின் போராட்டம் இருப்பதை அறிந்துகொள்ள வேண்டும். அமெரிக்கக் கல்லூரி வீரர்களோ தம் பெயரையும் படத்தையும் கொண்டு பணம் ஈட்டும் உரிமையையே 2021 இற்றான் பெற்றனர். அங்குள்ள கல்லூரி ஆட்டக்காரருள் தொழில்முறைக் களத்தை எட்டுவோர் இன்றும் நூற்றுக்கு இருவர்கூட இல்லை.

நம் மண்ணுக்குத் திரும்புவோம். இங்கே கல்லூரி என்று நாம் வழங்குவது பெரும்பாலும் பாடசாலையையே. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் மாணவரான நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் உயரம் பாய்தலில் 1952, 1956 ஒலிம்பிக் போட்டிகளிற் பங்குபற்றி, 1958 இல் டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் தாண்டி, இலங்கைக்கு அவ்விழாவின் முதலாவது தங்கப் பதக்கத்தை ஈட்டித் தந்தார். அவரது ஏணியும் கல்விதான். கலிபோர்னியாவில் பயின்று, கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்று, வாழ்நாளின் பெரும்பகுதியைக் கல்விப் பணியிற் கழித்தார். பாய்ச்சலுக்குக் கூலி கொடுக்கும் தொழில் எதுவும் அன்று இருக்கவில்லை.

உதைபந்தாட்டத்தில் இலங்கையில் ஒருவனுக்கு மாதச் சம்பளம் தந்தது பெரும்பாலும் ஆட்டமன்று. ஆட்டத்தை முன்னிட்டுக் கிடைத்த உத்தியோகமே. முப்படைகளும் பொலிசும் திணைக்களங்களும் தத்தமக்கு அணிகளை வைத்திருந்தன. போர்க்காலத்தில் வன்னிப் பையனுக்கு அந்த வாயிலும் அடைபட்டது என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. 2021 இல் தொழில்முறை அமைப்பாகச் 'சுப்பர் லீக்' தொடங்கியபோது அதிற் சேர்ந்த கழகங்கள் பத்து. அவற்றுள் மூன்று தரை, கடல், வான் படைகளைச் சார்ந்தவை. வடக்கு, கிழக்கைத் தளமாகக் கொண்ட கழகம் ஒன்றேனும் அப்பட்டியலில் இல்லை. 2023 ஜனவரியில் சர்வதேச சம்மேளனமாகிய பிஃபா, இலங்கையின் சம்மேளனத்தையே இடைநிறுத்தியது. அவ்வாண்டு ஆகஸ்டில்தான் அத்தடை நீங்கியது. ஏணி இருந்த இடத்திலும் படிகள் இற்றிருந்தன.

இன்னொன்றையும் நினைவிற் கொள்ள வேண்டும். தொழில்முறை ஆட்டத்தின் ஏணி இன்று கல்லூரியில் தொடங்குவதில்லை. குழந்தைப் பருவத்திலேயே தொடங்குகிறது. இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு 2006 இல் வேல்ஸில் பிறந்த விமல் யோகநாதன், சிறுவயதிலேயே லிவர்பூல் கழகத்தின் பயிற்சிப் பள்ளியிற் சேர்ந்தார். பின்னர் பார்ன்ஸ்லி கழகத்திற்குச் சென்று, 2024 ஆகஸ்டில் அதன் முதல் அணியில் இறங்கினார். இங்கிலாந்தின் தொழில்முறை ஆட்டத்தில் இறங்கிய முதலாவது தமிழர் எனக் கொண்டாடப்பட்டார். அவருடைய திறமையும் உழைப்பும் அவருக்கே உரியவை. அவற்றைக் குறைத்துச் சொல்வது நம் நோக்கமன்று. ஆனால் அவற்றைக் கண்டுகொள்ள அங்கே ஒரு கண் இருந்தது. பயிற்சியாளரும் மைதானமும் பல ஆண்டு இடையறாத பயிற்சியும் இருந்தன.

அதே ஆண்டுகளில் துணுக்காயில் நடந்தது என்ன? 2008 இல் போர் அங்கே வந்தது. ஊர் முழுதும் பெயர்ந்தது. சட்டி பானையோடும் குழந்தைகளோடும் கிழக்கு நோக்கிச் சென்றவர்கள், 2009 இல் போர் முடிந்து, முகாம்களில் இருந்துவிட்டுத்தான் திரும்ப முடிந்தது. அன்று எட்டு வயதாயிருந்த சிறுவன் 2018 இல் பதினெட்டு வயதினனாய்ப் பாடசாலை அணியில் ஆடியிருப்பான், தோளிலும் ஏற்றப்பட்டிருப்பான். ஆனால் பந்தோடு கால் பழக வேண்டிய பருவத்தில் அவன் பதுங்குகுழியிலும் கூடாரத்திலும் இருந்தான். அவன் பின்னர் தொழில்முறை ஆட்டக்காரன் ஆகவில்லையானால், 'திறமை போதவில்லை' என்று எழுதி முடித்துவிடலாமா? பெண் பிள்ளைகளின் நிலையோ இதனினும் கடினம். அவர்கள் எத்துணை நன்றாக ஆடினாலும், அதற்கப்பால் கூலி தரும் களம் நாட்டில் அரிது.

ஆகவே, கல்லூரி வீரன் தொழிலில் வெற்றி பெறுவானா என்ற கேள்விக்குச் சோதிடம் போன்று விடை கூறுவது நம் வேலையன்று. பேர்வாங்கரும் தாலிமேரனும் தமக்கு முன்னிருந்த தொழிலை அளந்து பார்த்து வேண்டாம் என்றனர். வேண்டாம் என்று சொல்லும் வலிமையை அவர்களுக்குத் தந்தது கல்வி. ஈஸ்த்தமும் அவர் தோழர்களும் அந்தத் தொழிலையே மாற்றினர். அவர்களுக்கு வலிமை தந்தது சங்கம். வன்னிப் பையனுக்கு இவ்விரண்டும் வேண்டும். பந்தைக் காட்டிப் புத்தகத்தைப் பறிக்கும் ஆசிரியர் அவனுக்குத் தீங்கு செய்கிறார்; புத்தகத்தைக் காட்டிப் பந்தைப் பறிப்பவரும் அவ்வாறே தீங்கு செய்கிறார். வலயந்தோறும் சீரான மைதானமும், பயிற்சி பெற்ற ஆசிரியரும், காயப்பட்டால் வைத்தியமும், ஆட்டத்தை நம்பி வந்தவனுக்கு எழுத்திலான ஒப்பந்தமும் கேட்டுப் பெற வேண்டியவை. இவற்றைக் கேட்பது பேராசையன்று.

அடுத்த முறை மாணவன் ஒருவனைத் தோளில் ஏற்றும்போது, அவனைத் தாங்கிய தோள்கள் மாலைக்குப் பின் கலைந்து போகாதிருக்கட்டும். அவன் எங்கே போகப் போகிறான் என்று வியப்பதோடு நில்லாமல், அவன் போவதற்கு ஒரு வழியை நாம் வெட்டியிருக்கிறோமா என்று நம்மையே கேட்டுக்கொள்வோம்.