சோளத்தட்டையும் பழுப்பு நிலக்கரியும்

நெய்வேலி டவுன்ஷிப்போட கதை ஒரு கிணத்துல தொடங்குது. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் தண்ணிக்காகக் கிணறு தோண்டினார். தண்ணியோட கறுப்பா ஏதோ வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956-ல் நிறுவனம் உருவாச்சு. 1957-ல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961-ல் நிலக்கரிப் படுகை வெளியே தெரிஞ்சது. அடுத்த வருஷமே, சோவியத் உதவியோடு கட்டின அனல்மின் நிலையத்துல மின்சாரம் வந்துடுச்சு.

அந்த மண்ணுக்கு மேல நாங்க சோளம் போட்டோம். மாடு மேய்க்கப் போறப்ப இனிப்புத் தட்டையாப் பாத்து ஒடிச்சு, கரும்பு மாதிரி கடிச்சுத் தின்போம். அதுவும் எரிபொருள்தான்னு அப்ப யாரு கண்டா?

இனிப்புச் சோளம்னா நீங்க தியேட்டர்ல கப்புல வாங்குற மக்காச்சோளம் இல்லீங்க. இது நம்ம சோளத்துலயே தட்டை இனிக்கிற ரகம். கதிர் நமக்கு, பிழிஞ்ச சாறு எத்தனாலுக்கு, சக்கை மாட்டுக்கு. நாலு மாசப் பயிர். கரும்பு குடிக்கிற தண்ணில கொஞ்சம் இருந்தாப் போதும். சுரங்கத்துலயோ, நிலக்கரிக்கு அடியில இருக்குற தண்ணிய ராப்பகலா இறைச்சாத்தான் வேலை நடக்கும்.

மகாராஷ்டிராவில் பல்டன் ஊரில் உள்ள நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1970-களிலேயே இந்தப் பயிரை எடுத்துக்கிச்சு. ஹைதராபாத் பக்கத்துல பட்டான்செருவில் இக்ரிசாட் நல்ல ரகங்களை உருவாக்கியது. 2007-ல் அன்றைய ஆந்திராவின் மேடக் மாவட்டத்தில் ருஸ்னி ஆலை இனிப்புச் சோளத்துல எத்தனால் எடுக்க ஆரம்பிச்சது. 2018-ல் வந்த மத்திய அரசின் உயிரி எரிபொருள் கொள்கையிலும் இதன் பேர் இருக்கு.

அப்புறம் ஏன் பரவல? வெட்டின தட்டை காத்திருக்காது. நேரம் ஆக ஆகச் சர்க்கரை குறையும், அன்னிக்கே பிழிஞ்சாகணும். பயிர் எல்லாம் ஒரே சமயத்துல முத்தும், ஆலையோ வருஷம் பூரா ஓடணும். நிலக்கரி லட்சோப லட்சம் வருஷம் காத்துக் கிடந்தது. அதுக்கு அரசாங்கம் ஒரு ஊரையே கட்டுச்சு. தட்டைக்கு ஒரு பிழியும் ஆலைகூடப் பக்கத்துல வரல.

கரண்ட் வேணாம்னு சொல்லல. என் வீட்டு விளக்கும் அதுலதான் எரியுது. ஆனா நிலக்கரி எடுத்த இடம் பள்ளமாகுது. சோளம் அறுத்த இடத்துல அடுத்த ஆடிக்கும் விதைக்கலாம்.

என் ஒண்ணரை ஏக்கர்ல இந்த ஆடிக்கும் சோளந்தான். வண்டி போற தூரத்துல ஆலை வந்தா தட்டையக் குடுப்பேன். அதுவரைக்கும் அது மாட்டுக்குத்தான்.