அக்டோபர் 15: ஒரு தேதி, பல நாள்கள்

அக்டோபர் 15 முன்னாள் குடியரசுத் தலைவர் ஆ. ப. ஜெ. அப்துல் கலாமின் பிறந்த நாள். தமிழ்நாட்டில் இது இளைஞர் எழுச்சி நாளாகவும், மகாராட்டிரத்தில் வாசிப்பு ஊக்க நாளாகவும் கொண்டாடப்படுகிறது. நாட்டின் பல பள்ளி, கல்லூரிகளில் இதற்கு ‘உலக மாணவர் நாள்’ என்ற பெயரும் வழங்குகிறது. ஐக்கிய நாடுகள் அவையின் பட்டியலிலோ இதே தேதி உலக ஊரகப் பெண்கள் நாளாக உள்ளது. இராமநாதபுரம் மாவட்டத்தின் மண்டபம், பாம்பன், இராமேசுவரம் கரைக்கு இந்த இரு நாள்களுமே நெருங்கிய உறவுடையவை. ஆனால் ஒன்றை எல்லாரும் அறிவர்; மற்றொன்றை அறிந்தவர் குறைவு.

சிறப்பு நாள்கள் தோன்றும் வழிகள்

நாட்காட்டியில் காணப்படும் சிறப்பு நாள்கள் பெரும்பாலும் மூன்று வழிகளில் தோன்றுகின்றன.

முதலாவது, அரசின் அறிவிப்பு. 1998 மே 11 அன்று நடந்த பொக்ரான் அணுகுண்டுச் சோதனையை நினைவுகூர, மே 11ஐ தேசியத் தொழில்நுட்ப நாளாக இந்திய அரசு அறிவித்தது. அந்தச் சோதனையில் கலாமுக்கும் முக்கியப் பங்கு உண்டு.

இரண்டாவது, ஐ.நா. பொது அவையின் தீர்மானம். ஓர் உறுப்பு நாடு முன்மொழிய, பிற நாடுகள் ஆதரிக்க, தீர்மானம் எண்ணிட்டுப் பதிவாகும். காந்தி பிறந்த அக்டோபர் 2 உலக அகிம்சை நாளாக 2007இல் இவ்வாறே அறிவிக்கப்பட்டது. சூன் 21ஐ உலக யோகா நாளாக அறிவிக்கும் தீர்மானம் 2014 திசம்பர் 11 அன்று நிறைவேறியது.

மூன்றாவது, மக்களே தொடங்கும் வழக்கம். விளையாட்டாகத் தொடங்கும் நாள்கள் பெரும்பாலும் இவ்வகையின. 1988இல் அமெரிக்காவின் சான் பிரான்சிசுகோ நகர அறிவியல் அருங்காட்சியகம் ஒன்றில் இயற்பியலாளர் லாரி ஷா, 3.14 என்ற எண்ணை மார்ச் 14ஆம் தேதியோடு பொருத்தி ‘பை நாள்’ கொண்டாடினார். வட்டமாகச் சுற்றி நடப்பதும் ‘பை’ எனப்படும் பண்டத்தை உண்பதுமே அன்றைய நிகழ்ச்சி. 2019இல் யுனெசுகோ அதே தேதியை உலகக் கணித நாளாக அறிவித்தது. தமிழ்நாட்டில் சென்னை நாள் இவ்வகையைச் சேர்ந்தது. 1639 ஆகத்து 22ஐ நகரம் பிறந்த நாளாகக் கொண்டு, எஸ். முத்தையா, வின்சென்ட் டி'சோசா, சசி நாயர் ஆகியோர் 2004இல் இதைத் தொடங்கினர். அரசாணை ஏதுமின்றித் தொடங்கிய அந்த நாள் மரபு நடைகள், உரைகள், ஒளிப்படக் காட்சிகள் எனப் பெருகியது.

கலாமும் இந்தக் கரையும்

கலாம் 1931 அக்டோபர் 15 அன்று இராமேசுவரத்தில் பிறந்தார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இராமேசுவரம் நிலையத்தில் தொடர்வண்டி நிற்பது கைவிடப்பட்டது. அதனால் செய்தித்தாள் கட்டுகள் ஓடும் வண்டியிலிருந்து வீசப்பட்டன. அவற்றைச் சேகரிப்பதில் தம் உறவினருக்கு உதவியதையே தமது முதல் சம்பாத்தியமாக அவர் தன்வரலாற்றில் குறிப்பிட்டுள்ளார். பின்னர் இராமநாதபுரம் சுவார்ட்சு பள்ளியில் பயின்றார். தீவிலிருந்து அங்குச் செல்லும் இருப்புப்பாதை பாம்பன் பாலத்தைக் கடந்து மண்டபம் வழியே செல்வது.

2002 முதல் 2007 வரை குடியரசுத் தலைவராக இருந்த அவர், பதவிக் காலத்திலும் அதன் பின்னரும் மாணவர்களைச் சந்திப்பதையே முதன்மைப் பணியாகக் கொண்டார். 2015 சூலை 27 அன்று சில்லாங்கில் மாணவர்களிடையே உரையாற்றிக்கொண்டிருந்தபோது மயங்கி விழுந்து காலமானார். மண்டபம் ஊராட்சி ஒன்றியப் பகுதியில், தங்கச்சிமடத்தை அடுத்த பேக்கரும்பில் சூலை 30 அன்று அவரது உடல் நல்லடக்கம் செய்யப்பட்டது. அங்கு எழுப்பப்பட்ட தேசிய நினைவகம் 2017 சூலை 27 அன்று திறக்கப்பட்டது.

அவர் மறைந்த சில நாள்களிலேயே, அக்டோபர் 15 இளைஞர் எழுச்சி நாளாகக் கடைப்பிடிக்கப்படும் எனத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி, அறிவியல் கண்காட்சி, மரக்கன்று நடுதல் ஆகியவை அன்றைய வழக்கமான நிகழ்ச்சிகள். மகாராட்டிரத்தில் மாணவர்கள் பாடநூல் அல்லாத நூல்களை வாசிப்பது முதன்மை பெறுகிறது.

‘உலக மாணவர் நாள்’: கூற்றும் சான்றும்

கலாமின் 79ஆவது பிறந்த நாளையொட்டி, 2010இல் ஐ.நா. அவை அக்டோபர் 15ஐ உலக மாணவர் நாளாக அறிவித்தது என்ற செய்தி பரவலாக வழங்குகிறது. பொது அறிவு நூல்களிலும் மேடைப் பேச்சுகளிலும் இது இடம்பெறுகிறது. ஆனால் ஐ.நா. வெளியிட்டுள்ள உலக நாள்களின் பட்டியலில் அப்படி ஒரு நாள் இல்லை. காந்தியின் பெயரோடு இணைந்த அக்டோபர் 2க்கும், மண்டேலாவின் பெயரோடு இணைந்த சூலை 18க்கும் உள்ளதுபோல் சுட்டிக்காட்டத்தக்க தீர்மானமும் இதற்கு இல்லை.

ஐ.நா. பட்டியலில் இல்லாததால் ஒரு நாள் மதிப்பிழந்துவிடுவதில்லை. நவம்பர் 17 உலகின் பல நாடுகளில் பன்னாட்டு மாணவர் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. 1939இல் அந்நாளில் பிராகு நகர மாணவர் தலைவர்களை நாசிப் படையினர் கொன்று, பல்கலைக்கழகங்களை மூடினர். 1941இல் இலண்டனில் கூடிய மாணவர்களே அந்த நாளை அறிவித்தனர். அக்டோபர் 15உம் மாணவர்கள் தம் விருப்பத்தால் ஏற்றுக்கொண்ட நாள் என்று சொன்னாலே போதுமானது. எதையும் சான்றோடு ஏற்கச் சொல்லும் அறிவியலைத் தொழிலாகக் கொண்டவரின் பிறந்த நாளுக்குச் சான்றில்லாத சிறப்பு தேவையில்லை.

அதே தேதியின் இன்னொரு நாள்

ஐ.நா. பட்டியலில் அக்டோபர் 15க்கு எதிரே இருப்பது உலக ஊரகப் பெண்கள் நாள். 2007 திசம்பரில் பொது அவை தீர்மானம் நிறைவேற்றியது. 2008இல் முதன்முதலாகக் கடைப்பிடிக்கப்பட்டது. உணவு உற்பத்தியில் ஊரகப் பெண்களின் பங்கை உணர்த்தும் வகையில், உலக உணவு நாளான அக்டோபர் 16க்கு முந்தைய நாள் தேர்ந்தெடுக்கப்பட்டது.

இந்தக் கரையில் அந்த நாளுக்கு உரியவர்களைத் தேடி வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. மன்னார் வளைகுடாவில் மூழ்கிக் கடற்பாசி எடுக்கும் பெண்கள் பாம்பன், இராமேசுவரம் பகுதிக் குப்பங்களில் வாழ்கின்றனர். பாறையும் பவளமும் கீறாதிருக்க விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி அணிந்து, மூச்சை அடக்கி மூழ்குவது இவர்கள் தொழில். மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து அகரும், கட்டக்கோரையிலிருந்து ஆல்ஜினேட்டும் எடுக்கப்படுகின்றன. உணவு, மருந்து, துணித் தொழில்களுக்கு இவை தேவைப்படுகின்றன.

1986இல் மன்னார் வளைகுடாத் தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பின், தீவுகளை ஒட்டிப் பாசி எடுப்பது தடைக்கு உள்ளாயிற்று. வாழ்வாதாரத்துக்கும் கடல் பாதுகாப்புக்கும் இடையே எழுந்த இந்தச் சிக்கலில், பெண்கள் கூட்டமைப்பாகத் திரண்டனர். மாதத்தில் 12 நாள்கள் மட்டுமே பாசி எடுப்பது எனத் தமக்குத் தாமே வரம்பு விதித்துக்கொண்டனர். அவர்களுள் ஒருவரான பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு, தீவுச் சூழல் பாதுகாப்புக்காக வழங்கப்படும் சீக்காலஜி விருது 2015 அக்டோபரில் அமெரிக்காவில் வழங்கப்பட்டது. தமிழ்நாட்டில் முதல் இளைஞர் எழுச்சி நாள் கொண்டாடப்பட்டதும் அதே மாதத்தில்தான்.

கொண்டாடும் முறைகள்

ஒரே தேதியில் பல நாள்கள் அமைவது பள்ளிகளுக்கு வாய்ப்பே. 2008 முதல் அக்டோபர் 15 உலகக் கைகழுவும் நாளாகவும் கடைப்பிடிக்கப்படுவதால், தொடக்கப் பள்ளிகளில் அதை ஒரு விளையாட்டாகவே நடத்தலாம். உயர்வகுப்பு மாணவர்கள் ஏதேனும் ஒரு சிறப்பு நாளை எடுத்துக்கொண்டு, அதை யார், எப்போது, எந்த ஆணை அல்லது தீர்மானத்தால் அறிவித்தனர் எனத் தேடிக் கண்டறியலாம். கடலோரப் பள்ளிகள் பாசி எடுக்கும் பெண்களை அழைத்து, பாசி வகைகளையும் அவற்றின் வளர்பருவத்தையும் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம்.

கலாமின் நினைவகத்துக்குச் செல்லும் மாணவர் பாலத்தின் மேல் பயணம் செய்யும்போது, கீழே உள்ள கடலிலும் அக்டோபர் 15க்கு உரியவர்கள் உழைக்கிறார்கள் என்பதை அறிந்து செல்வது நல்லது. ஊர்க்கடலைப் பற்றிக் கேள்வி கேட்டு விடை தேடும் மாணவர், கலாம் விரும்பிய மாணவரும் ஆவார்.