யார் கை பட்டது?

இரண்டு பேஸ் கிட்டார்களை அடுத்தடுத்து மடியில் வைத்து, இரண்டிலும் ஒரே சுரத்தை மீட்டிப் பார்ப்போம். ஒன்று, கலிபோர்னியாவின் ஃபெண்டர் ஆலையிலிருந்து வந்த பிரிசிஷன் பேஸ். மற்றது, நியூயார்க்கின் புரூக்ளினில் உள்ள ஃபொடேரா பட்டறை, வாசிப்பவரின் கைக்கென்றே இழைத்துக் கொடுத்த பேஸ். ஜி தந்தியில் ஐந்தாம் ஃப்ரெட்டை அழுத்திச் சுண்டுகிறோம். முதலாவதில் சுரம் கம்பீரமாக எழுகிறது. எழுந்த வேகத்திலேயே, யாரோ வாயைப் பொத்தியதுபோல அமுங்கிவிடுகிறது. இரண்டாவதில் அதே சுரம் அக்கம்பக்கத்துச் சுரங்களுக்குச் சமமாக நின்று மெல்லத் தேய்கிறது. முதலாவதின் விலை ஏறத்தாழ 2,000 டாலர். இரண்டாவதின் விலை 10,000 டாலரைத் தாண்டும். மரத்தையும் வேலைப்பாட்டையும் பொறுத்து இன்னும் ஏறும்.

ஐந்து மடங்கு விலைக்கு ஐந்து மடங்கு நல்ல ஒலி கிடைக்கிறதா என்று கேட்டால் பதில் எளிது: இல்லை. அந்தக் கேள்வியோடு நின்றுவிட்டால் சுவையான பகுதியைத் தவறவிடுவோம். ஆலையும் பட்டறையும் எங்கே பிரிகின்றன, எங்கே எதிர்பாராமல் கைகோக்கின்றன என்று பார்ப்பதுதான் இங்கே நம் வேலை.

பிறப்பிலிருந்தே தொடங்கலாம். 1951இல் பிரிசிஷன் பேஸைச் சந்தைக்குக் கொண்டுவந்த லியோ ஃபெண்டர், ரேடியோ பழுதுபார்ப்பவர். கிட்டார் வாசிக்கத் தெரியாதவர். கெட்டுப்போனதைச் சீக்கிரம் கழற்றி மாட்ட வேண்டும் என்பதே அவர் கண்ணோட்டம். அதனால்தான் கழுத்தை உடலோடு ஒட்டாமல் நான்கு திருகாணிகளால் பிணைத்தார். ஃபொடேராவைத் தொடங்கிய இருவரில் வின்னி ஃபொடேரா மரவேலை தெரிந்தவர். ஜோயி லாரிசெல்லா பேஸ் வாசிப்பவர். வாசிப்பவரின் மனக்குறையைத் தீர்ப்பதே அங்கே தொடக்கப் புள்ளி. ஒருவர் கருவியை இயந்திரமாகக் கண்டார். மற்றவர்கள் அதை உடம்பின் நீட்சியாகக் கண்டார்கள்.

ஆனால் கைவினைப் பேஸ்களின் பரம்பரையைத் தோண்டினால் அடியில் கிடப்பதும் பழுதுபார்க்கும் மேசைதான். 1969இல் கலிபோர்னியாவில் தொடங்கிய அலெம்பிக், கிரேட்ஃபுல் டெட் குழுவின் கருவிகளைத் திறந்து மின்சுற்றை மாற்றியமைத்ததிலிருந்து சொந்தப் பேஸ்களுக்கு வந்தது. நியூயார்க்கில் ரோஜர் சடோவ்ஸ்கி, பேஸ் கலைஞர் மார்கஸ் மில்லரின் 1977ஆம் ஆண்டு ஜாஸ் பேஸைச் செப்பனிட்டுப் பெயர் பெற்றார். அந்த ஜாஸ் பேஸ் ஃபெண்டர் ஆலைச் சரக்கு. ஆலையின் பிள்ளைக்கு வைத்தியம் பார்த்தவர்களே பின்னாளில் தங்கள் சொந்தப் பிள்ளைகளைப் பெற்றார்கள் என்று சொல்லலாம்.

இனி அந்த அமுங்கிய சுரத்துக்கு வருவோம். தந்தி அதிரும்போது கழுத்தும் கூடவே அதிர்கிறது. கழுத்துக்கென்று சொந்த அதிர்வெண் உண்டு; மீட்டும் சுரம் அதோடு ஒத்துப்போனால் தந்தியின் ஆற்றலைக் கழுத்து குடித்துவிடுகிறது. ஃபெண்டரின் நீண்ட மேப்பிள் கழுத்தில் இது பெரும்பாலும் ஜி தந்தியின் ஐந்தாம் ஃப்ரெட்டை ஒட்டி நேர்கிறது. கழுத்தின் தலைப்பகுதியில் ஒரு சிறு இடுக்கியை மாட்டிப் பாருங்கள்: எடை கூடியதும் அமுங்கும் இடம் நகர்ந்துவிடும். நோய் தீராது, இடம் மாறும்.

பட்டறைக்காரர் இதோடு மல்லுக்கட்டுகிறார். கழுத்தை ஒற்றை மரத்தில் செய்யாமல், இழை ஓட்டம் ஒன்றையொன்று எதிர்க்கும்படி பல பட்டைகளை ஒட்டிச் செய்கிறார். சிலர் உள்ளே கார்பன் இழைத் தண்டுகளைப் புதைக்கிறார்கள். இன்னும் சிலர் கழுத்தை உடலின் அடிவரை ஒரே தண்டாக ஓடவிடுகிறார்கள். விறைப்பு கூடக்கூடச் சுரங்கள் சமமாக நிற்கின்றன. ஐந்து தந்திப் பேஸின் ஆழ்ந்த பி சுரத்துக்கு இது இன்னும் முக்கியம். நொடிக்கு வெறும் 31 அதிர்வு. கழுத்து தளர்ந்தால் அந்தச் சுரம் குழைந்துவிடும். கூடுதல் விலையில் ஒரு பகுதி இந்தச் சமநிலைக்குத்தான். ஆனாலும் எந்தப் பட்டறையும் இயற்பியலை விலைக்கு வாங்கிவிடவில்லை. திறமையான ஆசாரி அமுங்கும் இடத்தை இரண்டு சுரங்களுக்கு நடுவே தள்ளி ஒளித்து வைக்கிறார், அவ்வளவே.

அடுத்து, கை. கைவினை என்றதும் உளியும் இழைப்புளியும், ஆலை என்றதும் இயந்திர வரிசையும் நம் கண்முன் வருகின்றன. உள்ளே நுழைந்து பார்த்தால் படம் தலைகீழாகிறது. 1950களில் ஃபெண்டர் ஆலையில் கழுத்துகளின் இறுதி வளைவை ஆட்கள் மணல்பட்டையில் பிடித்து, கண்ணாலும் உள்ளங்கையாலும் அளந்தே கொண்டுவந்தார்கள். அதனால் ஒரே ஆண்டில் பிறந்த இரண்டு கழுத்துகள்கூட ஒன்றுபோல இரா. டாடியோ கோமஸ் என்ற தொழிலாளி, தான் முடித்த கழுத்துகளின் அடியில் பென்சிலால் தன் பெயரின் இரண்டு முதலெழுத்துகளை எழுதி வைத்தார். இன்று சேகரிப்பாளர்கள் திருகாணிகளைக் கழற்றி அந்த எழுத்துகளைத் தேடுகிறார்கள். 1956இல் வேலைக்குச் சேர்ந்த அபிகேல் இபாரா, தந்தியின் அதிர்வை மின்சைகையாக்கும் பிக்கப்களில் முடிபோன்ற செம்புக் கம்பியை விரலால் வழிநடத்திச் சுற்றினார். அவர் சுற்றிய பிக்கப் என்பதே பின்னாளில் தனி மதிப்பாயிற்று.

பட்டறைப் பக்கம் திரும்பினால், இன்று பல கைவினைப் பேஸ்களின் உடலைக் கணினி வழிநடத்தும் வெட்டு இயந்திரமே முதலில் உருவாக்குகிறது. பிக்கப், முறுக்காணி, பாலம் எல்லாம் பெரும்பாலும் அவற்றுக்கென்றே உள்ள நிறுவனங்களிலிருந்து வாங்கப்படுகின்றன. ஆலை தன் பிக்கப்பைத் தானே கையால் சுற்றியது. பட்டறை அதை வெளியில் வாங்குகிறது. கை எங்கே இருக்கிறது என்பதை விளம்பரப் பலகையைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது.

அப்படியானால் பட்டறையின் கை எதைச் செய்கிறது? தேர்ந்தெடுக்கிறது, திருத்துகிறது. ஆலைக்கு மரம் மொத்தமாக வருகிறது. எந்தக் கழுத்தும் எந்த உடலிலும் பொருந்த வேண்டும் என்பதே அங்கே பெருமை. அதனால் கடையில் பத்துப் பிரிசிஷன்கள் தொங்கினால், வாங்குபவர் பத்தையும் மடியில் வைத்துத் தட்டிப் பார்த்து ஒன்றைப் பிடிக்கிறார். பட்டறையில் அந்தத் தேடலை ஆசாரி முன்கூட்டியே முடித்துவிடுகிறார். பலகையைத் தட்டிக் கேட்டு ஒதுக்கியது, வருடக்கணக்கில் உலரவிட்டது, ஒரே மரத்தைப் பிளந்து புத்தகம் விரிந்தாற்போல இரு பாதிகளையும் இணைத்தது, ஒவ்வொரு ஃப்ரெட்டின் முனையையும் விரலில் உறுத்தாமல் உருட்டியது என்று எல்லாமே மணிக்கணக்கு. புரூக்ளின் வாடகையும் அந்தக் கணக்கில் சேர்கிறது. ஆலை தன் செலவை ஆயிரக்கணக்கான கருவிகளின் மீது பரப்பிவிடும். பட்டறைக்கு அந்த வசதி இல்லை.

ஒரு விஷயத்தில் இரண்டுக்கும் நம் மண்ணோடு உறவு உண்டு. 1960களின் நடுவில் ஃபெண்டர், பிரேசில் ரோஸ்வுட்டை விட்டு இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. நாம் ஈட்டி என்றும் தோதகத்தி என்றும் சொல்லும், மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் மரம் அது. பட்டறைகளின் விரல்பலகைகளிலும் அதற்கு இடமுண்டு. 2017இல் ரோஸ்வுட் இனம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தபோது ஆலையும் பட்டறையும் ஒருசேர விழித்தன. ஃபெண்டர் தன் மெக்சிகோ தயாரிப்புகளில் பாவ் ஃபெர்ரோ என்ற வேறு மரத்துக்குத் தாவியது. சிறு பட்டறைகள் கடல் கடந்து அனுப்பும் கருவிகளுக்கெல்லாம் காகிதம் நிரப்பின. 2019இல் முழுமையடைந்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்ததும் இரு தரப்பும் மூச்சுவிட்டன. 2,000 டாலர் கருவியும் 10,000 டாலர் கருவியும் சில வேளை ஒரே காட்டின் பிள்ளைகள்.

இப்போது வாசிப்பவர்களிடம் வருவோம். தராசு அதிகம் ஆடுவது இங்கேதான். மோடவுன் நிறுவனத்தின் எண்ணற்ற பாடல்களைத் தாங்கிய ஜேம்ஸ் ஜேமர்சன் கையில் இருந்தது 1962ஆம் ஆண்டு பிரிசிஷன். தடித்த தட்டைத் தந்திகள்; அறுந்தாலொழிய மாற்றமாட்டார். பாலத்தை மூடும் தகட்டடியில் ஒரு பஞ்சுத் துண்டு ஒலியின் வாலை நறுக்கிவிடும். வாசித்தது பெரும்பாலும் ஒற்றைச் சுட்டுவிரலால். சுரம் நீண்டு நிற்கவேண்டும் என்று பட்டறைகள் படும் பாட்டையெல்லாம் நினைத்துப் பாருங்கள். ஜேமர்சன் அது நிற்கவே கூடாது என்று பஞ்சு வைத்தவர். ஐந்தாம் ஃப்ரெட் அமுங்கினால் அவருக்கு என்ன நட்டம்?

ஜாக்கோ பஸ்டோரியஸிடம் இருந்தது 1962ஆம் ஆண்டு ஜாஸ் பேஸ். ஃப்ரெட்களை வெண்ணெய்க் கத்தியால் தானே பிடுங்கியதாகச் சொன்னார். வேறு சமயங்களில் வேறு விதமாகவும் சொன்னார். குழிகளை அடைத்து, மேலே படகுக்குப் பூசும் எபாக்சியைப் பூசினார். 1976இல் வந்த அவருடைய முதல் தனித் தொகுப்பில் பாடுவது அந்தக் கெட்டிப் பூச்சின் மேல் வழுக்கும் தந்திதான். பின்னொரு நாள் அந்தப் பேஸ் துண்டுதுண்டாக உடைந்தபோது, ஒட்டுப்போட்டு மேலே மேப்பிள் தகடு போர்த்தி உயிர்ப்பித்தார்கள். ஆலைச் சரக்கு கடைசியில் கைவினைப் பேஸின் சட்டையைப் போட்டுக்கொண்டது.

பட்டறைப் பக்கத்துச் சாட்சி விக்டர் வூட்டன். 1983இல், பட்டறை தொடங்கிய அதே ஆண்டில், ஒரு ஃபொடேரா மோனார்க்கைக் கையில் எடுத்தவர் அதை விடவே இல்லை. கட்டைவிரலை மேலும் கீழுமாக ஓட்டும் அவருடைய வேகத்துக்கு, ஒவ்வொரு சுரமும் ஒரே அளவில் பதில் சொல்லும் கருவி வேண்டும். அங்கே சமநிலை ஆடம்பரம் ஆகாது. தொழிலுக்கான கருவியின் இலக்கணமே அது. ஜேமர்சனுக்குப் பஞ்சு எப்படியோ வூட்டனுக்கு விறைப்பு அப்படி.

இரண்டு கரைகளையும் இணைப்பவர் அந்தோணி ஜாக்சன். தன்னை வார்த்தவர்களாக அவர் சொன்ன பெயர்களில் பிரிசிஷன் வாசித்த ஜேமர்சனும் உண்டு, அலெம்பிக் வாசித்த ஜாக் கசாடியும் உண்டு. ஆறு தந்திப் பேஸ் என்ற எண்ணத்தை அவர் சுமந்தலைந்தார். 1975இல் கார்ல் தாம்ப்சன் அதற்கு முதல் உருவம் கொடுத்தார். பின்னர் ஃபொடேராவோடு ஆண்டுக்கணக்கில் திருத்தித் திருத்தி, 36 அங்குலத் தந்தி நீளம் கொண்ட ஒரு கருவியில் வந்து நின்றார். அத்தனை உழைப்புக்குப் பிறகு அந்தக் கருவியின் முகத்தில் இருந்தது ஒற்றைப் பிக்கப். ஒலியளவுக்குக் குமிழ் இல்லை. தொனிக்கும் குமிழ் இல்லை. எதிரே பிரிசிஷனைப் பாருங்கள்: அங்கும் ஒற்றைப் பிக்கப், இரண்டு குமிழ்கள். அந்த இரண்டையும் ஜேமர்சன் முழுக்கத் திறந்தபடியே விட்டிருந்தார். விலையின் உச்சியும் ஆலையின் எளிமையும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன: குறுக்கே எதுவும் வேண்டாம், விரலே போதும்.

விலைக்கணக்கிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. பட்டறைப் பேஸ் ஒருவரின் கைக்கென்று செய்தது. அடுத்தவர் கைக்கு மாறும்போது பெரும்பாலும் விலை இறங்கும், ஏனெனில் அந்தக் கழுத்தின் அகலமும் அந்த மரத்தின் நிறமும் முதல்வரின் ஆசைகள். ஆலைப் பேஸோ யாருக்கென்றும் செய்யப்படாதது. எவர் கைக்கும் போகும். 1965இல் சிபிஎஸ் நிறுவனம் 1.3 கோடி டாலருக்கு ஃபெண்டரை வாங்குவதற்கு முன் பிறந்த பேஸ்கள் இன்று புதிய ஃபொடேராவின் விலையைத் தொடவும் தாண்டவும் செய்கின்றன. அன்று கடையில் வரிசையாகத் தொங்கிய சரக்கு அது. அதன் மேல் ஏறியிருப்பது ஆசாரியின் மணிக்கணக்கு அல்ல, வாசித்தவர்களின் ஆண்டுக்கணக்கு.

இரண்டு கணக்குகளையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெளிகிறது. பட்டறைப் பேஸ் வாங்குபவர், மற்றொருவர் தன் கருவிமேல் செலவிட்ட நேரத்துக்குப் பணம் கொடுக்கிறார். அதற்கும் மேல் ஓராண்டு காத்திருக்கிறார். ஆலைப் பேஸ் வாங்குபவர் குறைவாகக் கொடுத்துவிட்டு, மீதியைத் தன் சொந்த ஆண்டுகளால் அடைக்கிறார்: பத்தில் ஒன்றைத் தேடியும், பஞ்சு வைத்தும், ஃப்ரெட்டைப் பிடுங்கியும். இரண்டுமே கைவினைதான். ஒன்றில் கை முதலில் படுகிறது. மற்றதில் பிற்பாடு படுகிறது.

திரும்பவும் அந்த இரண்டு பேஸ்களையும் மடிக்கு எடுப்போம். ஃபொடேராவில் ஐந்தாம் ஃப்ரெட்டில் விரல் வைத்தவர் அங்கேயே நிற்கிறார், சுரமும் நிற்கிறது. பிரிசிஷனில் பழகியவர் அந்த இடத்துக்கே போவதில்லை. அதே சுரம் டி தந்தியில் பத்தாம் ஃப்ரெட்டிலும் இருக்கிறது. யோசிக்காமலே அவர் கை அங்கே போய்விடுகிறது.