பன்மைப் பெயருக்கு 'ஆர்': ஓர் ஆங்கில வினையும் சிவகாசி வட்டாரத் தமிழும்

ஆங்கிலத்தில் எழுவாய் ஒருமையாக இருந்தால் 'இஸ்', பன்மையாக இருந்தால் 'ஆர்' என்பது தொடக்க வகுப்பிலேயே கற்பிக்கப்படும் விதியாகும். இருத்தலைக் குறிக்கும் 'பி' என்னும் வினையின் நிகழ்கால வடிவங்களே இவை இரண்டும். விதி சிறியதுதான். ஆனால் விருதுநகர், சிவகாசி, சாத்தூர் பகுதிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத் தாளில் மதிப்பெண் பறிபோகும் இடங்களுள் இதுவும் ஒன்று. 'தி கிராக்கர்ஸ் இஸ் டேஞ்சரஸ்' என்று எழுதினால் சிவப்பு மையில் வட்டம் விழும். கவனக்குறைவு என்ற பெயரும் சேர்ந்து வரும். அந்தப் பிழைக்குப் பின்னே தமிழ் இலக்கணம் நிற்கிறது என்பதும், 'ஆர்' ஆங்கிலத்திலேயே தாமதமாக நிலைபெற்ற வடிவம் என்பதும் பலரும் எண்ணிப் பார்க்காதவை.

ஆங்கிலத்தில் 'ஆர்' வந்த வழி

பழைய ஆங்கிலத்தில் பன்மைக்கு 'சிண்டோன்', 'பேயோத்' போன்ற வடிவங்களே பெருவழக்காக இருந்தன. இன்றைய 'ஆர்' வடிவத்தின் மூதாதையான 'அரோன்' இங்கிலாந்தின் வடக்கு, நடுப்பகுதி வட்டார வழக்கில் மட்டும் இருந்தது. லிண்டிஸ்ஃபார்ன் நற்செய்தி ஏட்டில், இலத்தீன் வரிகளுக்கு மேல் 10ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட சொற்பொருளில் இவ்வடிவத்தைக் காணலாம். 9ஆம் நூற்றாண்டு முதல் அப்பகுதிகளில் குடியேறிய டேனியர், நார்வேயர் ஆகியோரின் மொழியிலும் இதையொத்த 'எரு' என்ற பன்மை வினை இருந்ததால் அதற்கு வலு கூடியது. 'அவர்கள்' எனப் பொருள்படும் 'தே' என்ற ஆங்கிலச் சொல்லும் அந்தக் குடியேறிகளின் மொழியிலிருந்து வந்ததே. 'தே ஆர்' என்று இன்று சொல்லும்போது, ஆங்கிலம் இரவல் வாங்கிய ஒரு சொல்லும் அதே இரவலால் வலுப்பெற்ற ஒரு சொல்லும் அருகருகே நிற்கின்றன.

தெற்கே இவ்வடிவம் மெல்லத்தான் இறங்கியது. 1400இல் இறந்த சாசரின் எழுத்தில் 'பீன்' என்ற பன்மையே மிகுதி. 'ஆர்' அரிதாகவே வருகிறது. 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் விவிலியத்தில் பன்மைக்கு 'பி', 'ஆர்' இரண்டும் கலந்து வருகின்றன.

வடக்கு இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் இன்னொரு வழக்கு இருந்தது. எழுவாய் 'தே' போன்ற பிரதிப்பெயராக இருந்து, வினைக்கு அடுத்தே நின்றால் பன்மை வினை வரும். பன்மைப் பெயர்ச்சொல்லாக இருந்தால் 'இஸ்' போன்ற வடிவம் வரலாம். சிவகாசி மாணவர் எழுதிய 'கிராக்கர்ஸ் இஸ்' அந்த ஊர்களில் பிழையாகத் தோன்றியிருக்காது. ஷேக்ஸ்பியர் நாடகங்களின் 1623ஆம் ஆண்டு முதல் தொகுப்பிலும் பன்மைப் பெயரோடு ஒருமை போன்ற வினை வரும் இடங்கள் உண்டு. அவற்றுள் பலவற்றைப் பிற்காலப் பதிப்பாசிரியர்கள் திருத்திவிட்டனர்.

விதி எழுதப்பட்ட காலம்

ராபர்ட் லோத் என்னும் பாதிரியாரின் ஆங்கில இலக்கணம் 1762இலும் லிண்ட்லி மர்ரேயின் இலக்கணம் 1795இலும் வெளிவந்தன. பின்னது எண்ணற்ற பதிப்புகள் கண்டது. லோத் கண்டித்தவற்றுள் ஒன்று 'யூ வாஸ்' என்ற வழக்கு. 'யூ' முதலில் பன்மைச் சொல். 'நீ' என்பதற்கு 'தௌ' தனியே இருந்தது. மரியாதை கருதி ஒருவரையே 'யூ' என்று அழைக்கத் தொடங்கி, பிறகு அனைவருக்கும் அதுவே நிலைத்தது. பன்மை வினையான 'ஆர்' வடிவமும் அதனோடு ஒட்டிக்கொண்டது. தமிழர்க்கு இது புதிதன்று. ஒருவரை 'நீங்கள்' என்பதும், 'ஐயா வந்தாக' என்று தென்மாவட்டங்களில் சொல்வதும் இதே வழிதான்.

இத்தகைய நூல்களின் வழிவந்த இலக்கணமே இந்தியப் பள்ளிகளுக்கும் வந்தது. விருதுநகரில், வீட்டுக்கு வீடு பிடியரிசி திரட்டி நடத்தப்பட்ட சத்திரிய வித்தியாசாலை 1889இல் தொடங்கப்பட்டது; காமராசர் பயின்ற பள்ளி அது.

தமிழில் எண் காட்டும் முறை

'மரம் வீழ்ந்தது', 'மரம் வீழ்ந்தன' என்னும் இரு தொடர்களில் பெயர் மாறவில்லை. ஒன்றா பலவா என்பதை வினையே சொல்கிறது. இத்தகைய பெயரைத் தொல்காப்பியம் அஃறிணை இயற்பெயர் என்கிறது. நன்னூல் பால்பகா அஃறிணைப் பெயர் என்கிறது. அஃறிணைக்குக் 'கள்' விகுதி சேரலாம், சேராமலும் இருக்கலாம். திருநெல்வேலிச் சீமையில் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல், 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில், திராவிட மொழிகளில் அஃறிணைப் பெயர்கள் பன்மை விகுதியைப் பெரும்பாலும் ஏற்பதில்லை என்று குறித்துள்ளார்.

பேச்சுத் தமிழ் இன்னும் ஒரு படி தாண்டிவிட்டது. அஃறிணைப் பன்மை வினையையும் அது கைவிட்டது. 'பத்து வெடி நமுத்துப் போச்சு' என்பதே ஊர்ப் பேச்சு. 'நமுத்துப் போயின' என்று எவரும் சொல்வதில்லை. உயர்திணையில் மட்டும் பன்மை உயிரோடு இருக்கிறது: 'பொம்பளைக வேலைக்கு வந்தாக'. எனவே வீட்டில் இந்தத் தமிழைக் கேட்டு வளரும் பிள்ளைக்கு 'தி விமன் ஆர்' எளிதில் பிடிபடும். 'தி கிராக்கர்ஸ் ஆர்' அப்படியன்று. பொருள்களுக்குப் பன்மை வினை என்பதே அதன் காதுக்குப் புதிது.

பட்டாசு ஊரின் 'ஒர்க்ஸ்'

அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று, 1923இல் சிவகாசி திரும்பித் தொழில் தொடங்கினர். பட்டாசுத் தொழில் 1940களில் வேரூன்றியது. இவற்றோடு இரண்டு ஆங்கிலச் சொற்கள் ஊர்ப் பலகைகளில் ஏறின: 'மேட்ச் ஒர்க்ஸ்', 'ஃபயர்ஒர்க்ஸ்'. முன்னதில் 'ஒர்க்ஸ்' என்றால் தொழிற்சாலை. வடிவம் பன்மை போலிருந்தாலும் ஓர் ஆலையைக் குறிக்கும். அதற்கு 'இஸ்' வரலாம், 'ஆர்' வடிவமும் வரலாம். பின்னது வாணவெடிகளைக் குறிக்கும்போது 'ஆர்' கேட்கும். அதே சொல் ஒரு நிறுவனத்தின் பெயரில் நின்றால் 'இஸ்' வரும். பலகையைப் பார்த்து இலக்கணம் கற்க முயலும் பிள்ளையின் பாடு திண்டாட்டம்தான். தமிழோ இந்தச் சிக்கலை வேறு வகையில் தீர்த்துக்கொண்டது. 'ஒரு லேடீஸ்', 'ஒரு ஜென்ட்ஸ்' என்று ஆங்கிலப் பன்மையையே ஒருமையாக்கிக்கொண்டது.

'ஆயிரம் வாலா வெடிச்சுது' என்பதும் கவனிக்கத்தக்கது. வெடிகள் ஆயிரம், சரம் ஒன்று. வினை சரத்தைப் பார்த்து ஒருமையாகிறது. அந்தச் சரவெடியைத் தடை செய்து உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23 அன்று தீர்ப்பளித்தது. தயாரிப்பு, விற்பனை, பயன்பாடு என மூன்றையும் எழுவாயாக அடுக்கிய அந்த ஆங்கில வாக்கியத்தின் வினை 'ஆர்' அன்று, 'இஸ்'. பாடநூல் விதியை மட்டும் பிடித்துக்கொண்டால் அங்கும் வட்டம் போட வேண்டியிருக்கும். மூன்றையும் ஒரே நடவடிக்கையாகக் கருதினால் ஒருமை பொருந்தும். எண்ணிக்கையை விட்டுக் கருத்தைப் பார்க்கும் இந்த இயைபு ஆங்கிலத்தில் பழையது. சரம் பின்னிப் பிழைத்த குடும்பங்களுக்கு அந்த வினை ஒருமையா பன்மையா என்பது பொருட்டாக இருந்திருக்காது.

வகுப்பறையில்

பெயரில் 'எஸ்' இருந்தால் 'ஆர்' போடு என்று மனப்பாடம் செய்விப்பதே பெருவழக்கு. அவ்வழி 'நியூஸ்' என்ற சொல்லிலேயே இடறும். இன்று 'நியூஸ் இஸ்' என்பதே சரி. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை 'நியூஸ் ஆர்' என்றும் எழுதினர். தமிழ் வகுப்பில் ஏற்கெனவே படித்த பால்பகா அஃறிணைப் பெயரிலிருந்து தொடங்கினால் பிள்ளைக்குப் பிடி கிடைக்கும். ஆங்கிலத்திலும் அத்தகைய பெயர் உண்டு: 'ஷீப்'. ஓர் ஆடானாலும் நூறு ஆடானாலும் சொல் மாறாது. 'ஆடு மேய்கிறது' என்பதற்கு எதிரே 'தி ஷீப் இஸ் கிரேஸிங்', 'ஆடு மேய்கின்றன' என்பதற்கு எதிரே 'தி ஷீப் ஆர் கிரேஸிங்' என்று கரும்பலகையில் எழுதினால், இரு மொழியிலும் பெயர் அசையாமல் நிற்க, வினை மட்டும் மாறுவதைப் பிள்ளைகள் தாமே கண்டுகொள்வர். அடுத்த வரியில் 'கிராக்கர்ஸ் ஆர்' என்று எழுதலாம்.