ஓமந்தூரார்னா யாருங்க?

போன வாரம் படப்பையிலேருந்து பஸ் பிடிச்சு, ஓமந்தூரார் ஆஸ்பத்திரிக்கு அக்கா பையனோட போயிருந்தேன். வாசல்ல பேரைப் படிச்சிட்டு "மாமா, இவரு டாக்டரா?"ன்னான். சிரிப்பு வந்தாலும், எனக்கும் முழுசா சொல்லத் தெரியலைங்கறதுதான் நிஜம். வீட்டுக்கு வந்து தேடிப் படிச்சேன்.

டாக்டர் இல்லீங்க, விவசாயி. திண்டிவனம் பக்கத்துல ஓமந்தூர்ல 1895-ல் பிறந்த ஓ.பி.ராமசாமி ரெட்டியார். 1947 மார்ச்ல பிரகாசத்தை இறக்கிட்டு, காமராஜர் ஆதரவோட சென்னை மாகாணப் பிரதமர் ஆனார் (அப்ப முதலமைச்சர்னு சொல்ற வழக்கம் இல்லை). சுதந்திரம் வந்தப்ப இங்கே ஆட்சியில இருந்தவர் இவர்தான். ரெண்டு வருஷம்தான். அதுக்குள்ள ஆலயப் பிரவேசச் சட்டம், தேவதாசி ஒழிப்புச் சட்டம், 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம். எல்லாமே நல்லதுன்னு சொல்ல மாட்டேன். கருஞ்சட்டைப் படைக்குத் தடை, பள்ளிக்கூடத்துல இந்தி, ரெண்டும் இவர் காலத்துலதான்.

எனக்கு முக்கியமாப் பட்டது ஜமீன் சட்டம். நடுவுல இருந்த ஜமீன்தாரை நஷ்டஈடு கொடுத்து விலக்கிட்டு, ரயத்துக்கு நேரா அரசாங்கமே பட்டா கொடுக்கறது. ஒரு சம்சாரி கையெழுத்துப் போட வேண்டிய சட்டம்தான். ஆனா பட்டா போனது ரயத்து வரைக்கும்தான். கூலிக்கு ஏர் ஓட்டினவனுக்கு அதுல ஒண்ணுமில்லை.

எங்க தாத்தா அந்த ரெண்டாவது ரகம். ஆயுசு பூரா உழுதது அடுத்தவர் பட்டா. ஒரகடம் பக்கம் கம்பெனிங்க வந்து நிலத்துக்கு விலை ஏறினப்ப, பணம் பட்டாக்காரருக்குப் போச்சு, எங்க வீட்டுக்கு செக்யூரிட்டி வேலை வந்துச்சு. (படப்பைன்னா பழந்தமிழ்ல கொல்லை, தோட்டம்னு அர்த்தமாம். இப்ப மெயின் ரோட்டுல கன்டெய்னர் லாரிதான் விளையுது.)

ரெட்டியாரை இறக்கினதும் சொந்தக் கட்சிக்காரங்கதான். சிபாரிசுன்னு வந்த எம்.எல்.ஏ.க்களைக் கிட்ட சேர்க்கலை, கடுப்பாயிட்டாங்க. 1949 ஏப்ரல்ல குமாரசாமி ராஜா வந்தார், இந்தத் தடவை காமராஜர் அந்தப் பக்கம். மனுஷன் சண்டை பிடிக்கலை. கடைசிக் காலத்தை வள்ளலார் வழியில வடலூர்ல கழிச்சு, 1970-ல் காலமானார்.

பையன்கிட்ட இதையெல்லாம் சொன்னேன். முழுசாக் கேட்டுட்டு ஒரே கேள்விதான் கேட்டான்: "அப்ப நம்ம தாத்தாவுக்கு ஏன் மாமா பட்டா தரலை?"